வாசகர் கேள்வி–பதில்: மாஸ்டடானுக்குப் புதியவர்களை அழைத்து வருவது எப்படி?

பலர் தனித்தனியாக நடத்தும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதால் உருவாகும் சமூக வலைத்தளம் மாஸ்டடான். ஒரே நிறுவனத்தின் கையில் அது இல்லை. ஜெர்மனியில் வசிக்கும் நிரலாளர் யூகன் ரோச்கோ 2016இல் இதை வெளியிட்டார். சர்வர்கள் பேசிக்கொள்ளும் முறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். 2018 ஜனவரியில் அது இணையத் தரநிலையாக ஏற்கப்பட்டது. 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியபோது பெருங்கூட்டம் இங்கே வந்தது. வந்தவர்களில் பலர் சில வாரங்களிலேயே திரும்பிப் போனார்கள். தொழில்நுட்பம் தெரியாத வீட்டாரையும் நண்பர்களையும் இங்கே கூட்டிவந்து தங்கவைக்க விரும்பும் வாசகர்களின் கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என் சித்திக்கு மாஸ்டடான் கணக்கு தொடங்கித் தர உட்கார்ந்தேன். சர்வர், ஃபெடரேஷன், நெறிமுறை என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று எழுந்து போய்விட்டார். எளிதாக விளக்க என்ன வழி?
– கல்லூரி மாணவர்

முதல் நாளில் விளக்கமே வேண்டாம். உங்கள் சித்தி இங்கே வருவது மனிதர்களைப் பார்ப்பதற்கு. புதியவர்கள் திரும்பிப் போவதற்கு இரண்டு காரணங்கள்தான் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. ஒன்று, சேர்வதற்கு முன்பே எதிரில் குவியும் தேர்வுகள். இன்னொன்று, சேர்ந்த பின் காலியாகக் கிடக்கும் முகப்பு. இரண்டையும் சரிசெய்வது அழைக்கிறவரின் பொறுப்பு. அதாவது உங்களுடையது.

எனவே சர்வரை நீங்களே தேர்ந்தெடுங்கள். யாரைப் பின்தொடர்வது என்ற முதல் பட்டியலையும் நீங்களே கொடுங்கள். சித்தி தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: முகவரிக்கு இரண்டு பகுதி உண்டு. மின்னஞ்சலில் பெயர், அதன்பின் அட் குறி, அதன்பின் எந்த நிறுவனத்தின் அஞ்சல் என்று வருகிறதல்லவா, அதேபோல இங்கேயும் பெயரும் சர்வரும் சேர்ந்ததுதான் முழு முகவரி. ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் வைத்திருப்பவர் வேறு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு எழுதலாம்; இங்கேயும் அப்படித்தான். இவ்வளவு சொன்னால் போதும். மீதியை அவராகக் கேட்கும்போது சொல்லுங்கள். "இவர் எழுதியது எனக்கு ஏன் தெரியவில்லை?" என்று அவரே கேட்கும் நாளில் ஃபெடரேஷன், அதாவது சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏற்பாடு, பற்றி இரண்டு நிமிடம் பேசினால் நன்றாகவே புரியும்.

கேள்வி: எந்த சர்வர் நல்லது? பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.
– இல்லத்தரசி

அழைக்கிறவர் இருக்கும் சர்வர்தான் பெரும்பாலும் சரியான விடை. நீங்கள் அங்கே சில மாதங்களாக இருக்கிறீர்கள், நிர்வாகி எப்படிப்பட்டவர் என்று தெரியும், சிக்கல் வந்தால் யாரிடம் கேட்பது என்றும் தெரியும். இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

அப்படி இல்லை என்றால், சர்வரின் "அபவுட்" பக்கத்தைத் திறந்து பாருங்கள். நிர்வாகி யார், தொடர்புகொள்ள மின்னஞ்சல் இருக்கிறதா, விதிகள் எழுதப்பட்டிருக்கின்றனவா, எந்தெந்த சர்வர்களைத் தடை செய்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று வெளிப்படையாகச் சொல்லும் சர்வர் நம்பத்தக்கது. இங்கே விளம்பரம் கிடையாது. பெரும்பாலான சர்வர்கள் நன்கொடையில்தான் ஓடுகின்றன. மாஸ்டடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெறும் சர்வர்கள் ஓர் உடன்பாட்டை ஏற்றவை: வெறுப்புப் பேச்சைத் தீவிரமாகக் கட்டுப்படுத்துவது, தினமும் காப்பு நகல் எடுப்பது, நிர்வாகியைத் தவிர இன்னொருவரிடமாவது அவசரச் சாவி இருப்பது, மூடுவதாக இருந்தால் 3 மாதம் முன்பே அறிவிப்பது. பட்டியலுக்கு வெளியேயும் நல்ல சர்வர்கள் உண்டு. ஆனால் புதியவருக்கு இந்த நான்கும் இருப்பது நல்லது.

மிகச் சிறிய சர்வரில் புதியவரை விடாதீர்கள். ஒரு சர்வருக்கு, அதன் உறுப்பினர்கள் பின்தொடரும் ஆட்களின் பதிவுகள்தான் பெரும்பாலும் வந்து சேரும். ஐந்து பேர் மட்டும் இருக்கும் சர்வரில் ஹேஷ்டேகைத் தேடினால் நாலைந்து பதிவுதான் கிடைக்கும். ஊரே காலி என்று தோன்றும். சில நூறு பேராவது அன்றாடம் புழங்கும் இடம் வேண்டும். மிகப் பெரிய பொது சர்வரில் இந்தக் குறை இல்லை. அங்கே ஒழுங்கு பார்ப்பவர்கள் எண்ணற்ற முறையீடுகளுக்கு இடையே உங்களுடையதையும் பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எது ஒத்துவராவிட்டாலும் பிற்பாடு வேறு சர்வருக்குக் குடிபெயரலாம் என்பதால், இந்த முடிவுக்காக ஒரு வாரம் யோசிக்க வேண்டாம்.

கேள்வி: பதிவு செய்யும்போதே பலர் எங்கேயோ சிக்கிக்கொள்கிறார்கள். முன்கூட்டியே கவனிக்க வேண்டியவை என்ன?
– நூலகப் பணியாளர்

முதலில், உங்கள் சர்வர் அனுமதித்திருந்தால், பிரவுசரில் அமைப்புகளுக்குள் "இன்வைட் பீப்பிள்" என்ற பக்கம் இருக்கும். அங்கே அழைப்பு இணைப்பு ஒன்றை உருவாக்கலாம். எத்தனை பேர் பயன்படுத்தலாம், எவ்வளவு நாள் செல்லும் என்பதை நீங்களே வைக்கலாம். அந்த இணைப்பில் சேர்பவர்கள் உங்களைத் தானாகப் பின்தொடரும்படி செய்யும் தேர்வையும் மறக்காமல் போடுங்கள். பட்டியல் பக்கம், சர்வர் தேர்வு என்று எதிலும் அலையாமல் நேரே உங்கள் வாசலுக்கே வந்துவிடுவார்கள்.

பயனர் பெயரை அவசரத்தில் வைக்க விடாதீர்கள். பிறகு மாற்ற முடியாது. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவைதான் அதில் செல்லும், 30 எழுத்துக்குள் இருக்க வேண்டும். திரையில் தெரியும் பெயர் வேறு: அதைத் தமிழில் வைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

அடுத்தது உறுதிப்படுத்தும் மின்னஞ்சல். ஸ்பேம் பெட்டியில் விழுந்திருக்கும்; பார்க்காமல் விட்டுவிடுவார்கள்; உறுதிப்படுத்தாத கணக்கைச் சில நாட்களில் சர்வர் நீக்கிவிடும். சில சர்வர்களில் "ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்ற கேள்வி இருக்கும். அதை மனிதர் ஒருவர்தான் படிக்கிறார். காலியாக விட்டாலோ ஒரே சொல்லில் எழுதினாலோ ரோபோ என்று நினைத்து நிராகரித்துவிடுவார். யார், எதில் ஆர்வம், யார் அழைத்தார் என்று இரண்டு வரி உண்மையாக எழுதச் சொல்லுங்கள். ஒப்புதல் வர ஒரு நாளோ கூடுதலோ ஆகலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். இல்லையென்றால் ஏதோ பழுது என்று நினைத்து வேறொரு கணக்கைத் தொடங்கிவிடுவார்கள்.

அதற்கப்புறம் வருவதுதான் எல்லாரும் தடுக்கி விழும் இடம். மறுநாள் செயலியைத் திறந்தால் அது முதலில் சர்வர் பெயரைக் கேட்கும். அது நினைவிருக்காது. வேறு சர்வரைத் தொட்டுவிட்டு, "கடவுச்சொல் தவறு என்கிறது" என்று உங்களை அழைப்பார்கள். உள்நுழையும்போது கொடுக்க வேண்டியது பயனர் பெயர் அல்ல, மின்னஞ்சல் முகவரி. அதிலும் தவறு நேரும். முழு முகவரி, பதிவு செய்த மின்னஞ்சல், சர்வர் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டடுக்குப் பாதுகாப்பை முதல் நாளே போட வேண்டாம். ஒரு வாரம் கழித்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள். அப்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைக்கச் செய்யுங்கள். போன் தொலைந்து, குறியீடும் இல்லையென்றால் நிர்வாகியிடம் கையேந்துவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: என் தோழி சேர்ந்து மூன்று நாளில் "இங்கே ஒன்றுமே இல்லையே" என்கிறார். எனக்கோ படிக்க நேரம் போதவில்லை. ஏன் இந்த வித்தியாசம்?
– மொழிபெயர்ப்பாளர்

ஹோம் பக்கத்தில் அவர் பின்தொடரும் ஆட்களும் ஹேஷ்டேக்குகளும் மட்டும்தான் வரும், அதுவும் நேர வரிசையில். இடைவெளியை நிரப்ப எந்தக் கணிப்பு நிரலும் அங்கே வேலை செய்யாது. மற்ற தளங்களில் ஒருவரைக்கூடப் பின்தொடராவிட்டாலும் திரை நிரம்பிவிடும். அந்தப் பழக்கத்தில் வருகிறவருக்கு இது வெறிச்சோடிய இடமாகத் தெரிவதில் வியப்பில்லை. உங்கள் முகப்பு நிரம்பியிருப்பது நீங்கள் பல மாதங்களாகச் சேர்த்த ஆட்களால்.

அந்த ஆட்களில் ஒரு பகுதியை அவருக்குக் கொடுங்கள். கணினியில் பிரவுசர் வழியாக உங்கள் கணக்கின் "இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்" பக்கத்துக்குப் போய், நீங்கள் பின்தொடர்பவர்களின் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்குங்கள். விரிதாள் மென்பொருளில் திறந்தால் ஒரு வரிக்கு ஒரு கணக்கு இருக்கும். தலைப்பு வரியை அப்படியே விட்டுவிட்டு, தோழிக்கு ஒத்துவராதவர்களின் வரிகளை அழியுங்கள். 40 முதல் 60 பேர் வரை வைத்தால் போதும். சேமிக்கும்போது மறுபடியும் சிஎஸ்வி வடிவத்திலேயே சேமியுங்கள். விரிதாளின் சொந்த வடிவத்தில் சேமித்தால் சர்வர் ஏற்காது. தோழி தன் கணக்கில் அதே பக்கத்தின் இம்போர்ட் பகுதியில், "ஃபாலோயிங் லிஸ்ட்" என்ற வகையைத் தேர்ந்தெடுத்து ஏற்ற வேண்டும். அங்கே "மெர்ஜ்", "ஓவர்ரைட்" என இரண்டு தேர்வுகள் இருக்கும். மெர்ஜ் என்பதையே போட வேண்டும். ஓவர்ரைட் போட்டால், அவர் ஏற்கெனவே பின்தொடர்ந்தவர்களில் பட்டியலில் இல்லாத அத்தனை பேரும் போய்விடுவார்கள்.

யாரைப் பட்டியலில் வைப்பது என்பதுதான் இதில் முக்கியம். புகழ்பெற்றவர்களையும் செய்தி நிறுவனங்களையும் குவிக்காதீர்கள். அவர்கள் பதில் பேசமாட்டார்கள். நாளுக்கு ஐம்பது பதிவு போடுபவர் ஒருவர் இருந்தாலும் மற்ற எல்லாரையும் மூடிவிடுவார். அளவாக எழுதுபவர்கள், மறுமொழிகளுக்குப் பதில் சொல்பவர்கள், தோழியின் ஆர்வத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆகியோரைத் தேர்ந்தெடுங்கள். கூடவே மூன்று நான்கு ஹேஷ்டேக்குகளையும் பின்தொடரச் சொல்லுங்கள். 2022 நவம்பரில் வந்த 4.0 பதிப்பு முதல் அந்த வசதி இருக்கிறது. ஹேஷ்டேக் பக்கத்தைத் திறந்து மேலே உள்ள ஃபாலோ பொத்தானைத் தொட்டால் போதும்.

மறுபக்கமும் இருக்கிறது: மற்றவர்கள் அவரைப் பின்தொடர வேண்டுமே. படமும் அறிமுக வரியும் இல்லாத கணக்கை யாரும் திரும்பப் பின்தொடர மாட்டார்கள். போலிக் கணக்கு என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். ஆகவே ஆட்களைப் பின்தொடரத் தொடங்கும் முன்பே படம், அறிமுகம், ஓரிரு பதிவுகள் இருக்க வேண்டும். முதல் பதிவாகத் தன்னைப் பற்றி ஐந்தாறு வரி, ஆர்வங்களை ஹேஷ்டேக்குகளாக வைத்து எழுதி, அதைச் சுயவிவரத்தின் மேலே பின் செய்துவைக்கட்டும். பல சொற்களைச் சேர்த்து ஹேஷ்டேக் எழுதும்போது இடையில் அடிக்கோடு போட்டால் படிக்க எளிது. இடைவெளி விட்டால் முதல் சொல்லோடு ஹேஷ்டேக் அறுந்துவிடும். பதிவின் மொழி தமிழ் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். ஆங்கிலம் என்று கிடந்தால், தமிழ்ப் பதிவுகள் மட்டும் வேண்டும் என்று மொழி வடிகட்டி வைத்திருப்பவர்களின் பொதுப் பட்டியலில் அது வராமலே போகும்.

அந்த அறிமுகப் பதிவு வந்தவுடன் நீங்கள் செய்ய வேண்டியது, அதை பூஸ்ட் செய்து, அதாவது உங்களைப் பின்தொடர்பவர்களுக்குப் பகிர்ந்து, "இவர் என் தோழி, இன்னின்ன எழுதுவார்" என்று நான்கு பேரிடம் சொல்வது. முதல் நாள் யாராவது பதில் சொன்னால் அவர் மறுநாளும் வருவார்.

கேள்வி: பிடித்த பதிவுகளின் கீழே உள்ள நட்சத்திரத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பதிவுகள் யாருக்கும் போய்ச் சேர்வதாகத் தெரியவில்லையே?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

நட்சத்திரம் எழுதியவருக்குச் சொல்லும் பாராட்டு. அதனால் பதிவு வேறு யாருடைய ஹோம் பக்கத்துக்கும் போகாது. உங்களைப் பின்தொடர்பவர்களுக்குப் போய்ச் சேர பூஸ்ட் செய்ய வேண்டும். புதியவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: வேறு சர்வரில் இருக்கும் என் தம்பியின் பக்கத்தை என் கணக்கிலிருந்து திறந்தால் இரண்டு பதிவுதான் தெரிகிறது. அவனோ நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன் என்கிறான். யார் கணக்கு கெட்டிருக்கிறது?
– தனியார் நிறுவன ஊழியர்

இரண்டு கணக்கும் நலம். உங்கள் சர்வரில் உள்ள யாரும் அவரை இதுவரை பின்தொடரவில்லை என்றால், அவருடைய பழைய பதிவுகளின் படி உங்கள் சர்வரிடம் இருக்காது. நீங்கள் பின்தொடரத் தொடங்கியதிலிருந்து எழுதுபவை வந்துகொண்டிருக்கும். பழையவை தாமாக வாரா. பின்தொடர்வோர் எண்ணிக்கையும் நட்சத்திர எண்ணிக்கையும் சர்வருக்கு சர்வர் வேறுபடுவதும் இதனால்தான். பழையதைப் படிக்க, அவருடைய சுயவிவரத்தின் மெனுவில் மூலப் பக்கத்தைத் திறக்கும் வழி இருக்கிறது. உரையாடலில் சில பதில்கள் காணாமல் போவதற்கும் இதே காரணம். விடுபட்ட பதில்களைத் தேடி எடுத்துவரும் வசதி மென்பொருளின் புதிய பதிப்புகளில் வந்திருக்கிறது.

ஆளைத் தேடும்போது வெறும் பெயரைப் போட்டால் கிடைக்காமல் போகலாம். முழு முகவரியையும் தேடல் பெட்டியில் ஒட்டினால் உங்கள் சர்வர் நேரே போய்க் கேட்டு வாங்கிவரும். ஒரு தனிப் பதிவின் இணைப்பையும் அப்படியே ஒட்டலாம். வேறு சர்வரின் பக்கத்தில் நின்றுகொண்டு ஃபாலோ பொத்தானை அழுத்தினால், அங்கே உங்களுக்குக் கணக்கு இல்லாததால், உங்கள் சர்வர் எது என்று கேட்கும். அந்த இடத்தில் புதிதாக இன்னொரு கணக்கைத் தொடங்கிவிடுபவர்கள் நிறையப் பேர். பதிவுகளுக்குள் இருக்கும் சொற்களைத் தேடுவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: எழுதியவர் தன் பதிவுகளைத் தேடலில் காட்டச் சம்மதித்திருக்க வேண்டும், சர்வரும் அந்த வசதியை வைத்திருக்க வேண்டும். உங்கள் தம்பி தன் சுயவிவர அமைப்பில் "பிரைவசி அண்ட் ரீச்" பகுதியில் அதை இயக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: தனிச்செய்தியில் என் மகளின் பள்ளி விவரங்களை ஒருவருக்கு அனுப்பினேன். அது பாதுகாப்பானதா?
– ஒரு தாய்

இனி அனுப்பாதீர்கள். மாஸ்டடானில் தனிச்செய்தி என்பது, பார்ப்பவர்களைக் குறைத்துவைத்த பதிவுதான். அனுப்புபவர் முதல் பெறுபவர் வரை பூட்டப்பட்டுப் போகும் மறையாக்கம் அதில் இல்லை. உங்கள் சர்வரின் நிர்வாகியும் பெறுபவரின் சர்வர் நிர்வாகியும் நினைத்தால் தரவுத்தளத்தில் படிக்க முடியும்.

அதைவிட அடிக்கடி நேரும் விபத்து வேறு. தனிச்செய்திக்குள் மூன்றாவது நபரின் முகவரியை அட் குறியோடு எழுதினால், அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் ரகசியமாகக் கேட்கப் போய் அவருக்கே அனுப்பிவைத்த சங்கடம் இப்படித்தான் வருகிறது. மூன்றாம் நபரின் பெயரைச் சொல்லலாம். அட் குறி மட்டும் கூடாது. பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று போடும் பதிவுக்கும் ஒரு எச்சரிக்கை: யார் வேண்டுமானாலும் உங்களைப் பின்தொடரலாம் என்று கணக்கு திறந்து கிடந்தால், அந்தப் பதிவைப் படிக்க விரும்புபவர் ஃபாலோவை அழுத்தினாலே போதும். பின்தொடர்வதற்கு உங்கள் ஒப்புதல் வேண்டும் என்ற அமைப்பை இயக்கினால்தான் அதற்குப் பொருள் உண்டு.

நீக்குவது பற்றியும் சொல்லிவிடுகிறோம். நீங்கள் அழித்தால் உங்கள் சர்வர் மற்ற சர்வர்களுக்கு "அழித்துவிடுங்கள்" என்று தகவல் அனுப்பும். பெரும்பாலும் அழித்துவிடுவார்கள், ஒரு சர்வர் அப்போது இயங்காமல் இருந்தாலோ வேண்டுமென்றே புறக்கணித்தாலோ படி அங்கே தங்கிவிடும். அந்தப் பள்ளி விவரச் செய்தியை இப்போதே அழியுங்கள், பெற்றவரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: சேர்ந்த அன்றே ஒரு படம் போட்டேன். "மாற்று உரை எங்கே?", "எச்சரிக்கைத் தலைப்பு எங்கே?" என்று முன்பின் தெரியாத நான்கு பேர் பாடம் எடுத்தார்கள். நான் என்ன தவறு செய்தேன்?
– புகைப்படக் கலைஞர்

தவறு ஏதுமில்லை, வரவேற்கத் தெரியாதவர்கள் கையில் மாட்டிக்கொண்டீர்கள். அவர்கள் கேட்ட விஷயம் நியாயமானது, கேட்ட முறைதான் பிழை. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வழியாகத்தான் படத்தை அறிகிறார்கள்; படத்தைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரை இல்லையென்றால் அவர்களுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு படத்துக்கு 1500 எழுத்து வரை விவரிக்கலாம், ஆனால் இரண்டு வாக்கியம் போதும். படத்தில் என்ன இருக்கிறது, எதற்காகப் போட்டீர்கள் என்று எழுதுங்கள். போட மறந்தால் பதிவைத் திருத்திச் சேர்க்கலாம், அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதில்லை. மாற்று உரை இல்லாமல் வெளியிடும்போது நினைவூட்டும் அமைப்பும் புதிய பதிப்புகளில் இருக்கிறது. எச்சரிக்கைத் தலைப்பு, அதாவது தொட்டால்தான் விரியும் மறைப்பு, எதற்கு வேண்டும் என்பது சர்வருக்கு சர்வர் மாறும். உங்கள் சர்வரின் விதிகளில் இருப்பதைப் பின்பற்றினால் போதும். மற்றது அவரவர் விருப்பம்.

பழையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதியவரின் முதல் பத்துப் பதிவுகளில் திருத்தம் சொல்லாதீர்கள். படம் நன்றாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். தேவையென்றால் நீங்களே அந்தப் படத்தைப் பதிலில் விவரித்து எழுதுங்கள்; பார்வையற்றவருக்கும் உதவி, புதியவருக்கும் புரிந்துவிடும். வந்தவர் போய்விட்டால், அவர் மாற்று உரையோடு போட்டிருக்கக்கூடிய நூறு படங்களும் சேர்ந்து போகின்றன.

கேள்வி: இரண்டு பேர் விடாமல் தொல்லை தருகிறார்கள். புகார் செய்ய ஒரு தலைமை அலுவலகம்கூட இல்லையாமே?
– கவிதை எழுதும் வாசகி

தலைமையகம் இல்லை என்பது உண்மை. உங்கள் சர்வரின் நிர்வாகி இருக்கிறார், பெரும்பாலும் அவர் விரைவாகவே பார்ப்பார். முதலில் இருவரையும் பிளாக் செய்யுங்கள். பிறகு தொல்லை தந்த பதிவுகளைத் தேர்ந்தெடுத்து ரிப்போர்ட் அனுப்புங்கள். பதிவுகளை இணைக்காமல் அனுப்பினால் நிர்வாகிக்கு ஆதாரம் இருக்காது. அந்த நபர் வேறு சர்வர்காரர் என்றால், புகாரின் நகலை அங்கேயும் அனுப்பும் தேர்வு வரும். அந்த சர்வரே தொல்லைக்காரர்களின் கூடாரமாகத் தெரிந்தால் நகல் அனுப்பாதீர்கள். உங்கள் நிர்வாகி மட்டும் பார்த்தால் போதும். ஒரு சர்வரிலிருந்தே தொடர்ந்து வந்தால் அந்த சர்வரை முழுமையாக உங்கள் கணக்குக்கு மட்டும் தடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே உங்களைப் பின்தொடரும் நண்பர்கள் இருந்தால் அவர்களும் அறுபட்டுப் போவார்கள் என்பதைப் பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: சர்வரை மூடிவிட்டால் எல்லாம் போய்விடுமா?
– சிற்றிதழ் ஆசிரியர்

மூடுவதற்கு முன் குடிபெயர்ந்தால் உங்களைப் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள். பதிவுகள் வாரா. இந்த இரண்டையும் புதியவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

செய்முறையில் வரிசை முக்கியம். புதிய சர்வரில் கணக்கு தொடங்கி, முதலில் அந்தப் புதிய கணக்கின் அமைப்பில், வேறு கணக்கிலிருந்து வருகிறேன் என்ற இடத்தில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகப் பதிய வேண்டும். அதற்குப் பிறகுதான் பழைய கணக்கில் போய், வேறு கணக்குக்கு மாறுகிறேன் என்ற இடத்தில் புதிய முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் சர்வர் ஏற்காது. மாறிய பின் 30 நாள் வரை மறுபடி மாற முடியாது. நீங்கள் பின்தொடர்பவர்கள், பிளாக் செய்தவர்கள், மியூட் செய்தவர்கள், புக்மார்க்குகள் ஆகியவை தாமாக வருவதில்லை. ஒவ்வொன்றையும் சிஎஸ்வியாக இறக்கிப் புதிய கணக்கில் ஏற்ற வேண்டும். பழைய கணக்கு, ஆள் இங்கே மாறிவிட்டார் என்ற அறிவிப்போடு நிற்கும்.

பதிவுகளின் தொகுப்பை 7 நாளுக்கு ஒருமுறை கேட்டு இறக்கிக்கொள்ளலாம். அதை வேறு மாஸ்டடான் சர்வரில் ஏற்ற வழியில்லை, கையிருப்பாக வைத்துக்கொள்வதற்கு மட்டும். சர்வர் திடீரென்று நின்றுபோனால் குடிபெயர்வும் முடியாது, ஏனென்றால் பழைய சர்வர்தான் அந்தத் தகவலை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் இதழ் நடத்துபவர் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சிஎஸ்வி கோப்புகளையும் தொகுப்பையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் 20 பேர். ஒரே மதியத்தில் எல்லாரையும் சேர்த்துவிடலாமா? எங்களுக்கென்று தனி சர்வர் தொடங்கினால் இன்னும் எளிதா?
– வாசகர் வட்ட ஒருங்கிணைப்பாளர்

சேர்க்கலாம், பதிவை மட்டும் அன்றைக்கு வைக்காதீர்கள். ஒரே வைஃபையிலிருந்து குறுகிய நேரத்தில் பல பதிவுகள் வந்தால் சர்வர் அதைத் தாக்குதலாக எடுத்துக்கொண்டு தடுத்துவிடும். மூன்று நான்கு நாள் முன்பே அழைப்பு இணைப்பை அனுப்பி, அவரவர் இடத்திலிருந்தே பதியச் சொல்லுங்கள். நிர்வாகிக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஒரே குழுவிலிருந்து 20 பேர் வருகிறார்கள் என்று தெரிந்தால் ஒப்புதலும் தாமதமாகாது. கூடும் நாளில் நேரத்தை அதிகம் தின்பது மாஸ்டடான் அல்ல, மறந்துபோன மின்னஞ்சல் கடவுச்சொல். வரும் முன் அவரவர் போனில் மின்னஞ்சல் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். உதவிக்கு ஐந்து பேருக்கு ஒருவர் வேண்டும். அன்றைய வேலை: உள்நுழைவது, படமும் அறிமுகமும் போடுவது, ஒருவரையொருவர் பின்தொடர்வது, அறிமுகப் பதிவு எழுதுவது. இவ்வளவுக்கே இரண்டு மணி நேரம் ஆகும். பிறகு இரண்டு வாரம், தினமும் ஒருவராவது வட்டத்தின் ஹேஷ்டேகில் ஒரு கேள்வி போட்டு மற்றவர்களைப் பேசவைக்க வேண்டும். இதைச் செய்யாத குழுக்கள் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன.

தனி சர்வர் இப்போது வேண்டாம். மாஸ்டடானை நடத்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், தற்காலிகச் சேமிப்புக்கான ரெடிஸ், பின்னணி வேலைகளுக்கான சைட்கிக் எல்லாம் ஓட வேண்டும். மென்பொருள் புதுப்பிப்புகளை, குறிப்பாகப் பாதுகாப்புத் திருத்தங்களை, உடனே போட வேண்டும். மற்ற சர்வர்களிலிருந்து வரும் படங்களின் படிகள் சேர்ந்துகொண்டே போய் வட்டு நிரம்பும். இத்தனை நாளுக்கு மேல் வைக்காதே என்று அமைத்துவிடாவிட்டால் ஒருநாள் சர்வர் நின்றுவிடும். தொடங்கியபின் டொமைன் பெயரை மாற்ற முடியாது, அதைப் புதுப்பிக்க மறந்தால் எல்லாருடைய முகவரியும் செல்லாது. இதையெல்லாம் பார்க்க இரண்டு பேராவது, ஓராண்டுச் செலவுக்குக் கையில் பணமும் இருந்தால் யோசியுங்கள். மாதக் கட்டணத்துக்கு சர்வரை நிர்வகித்துத் தருபவர்களும் உண்டு. அவர்களிடம் போனாலும், ஒழுங்கு பார்க்கும் வேலை உங்கள் தலையில்தான் இருக்கும்.

கேள்வி: என் அக்கா த்ரெட்ஸில் இருக்கிறார், அண்ணன் ப்ளூஸ்கையில். இரண்டு பேரையும் மாஸ்டடானிலிருந்தே பின்தொடர முடியுமா?
– பள்ளி ஆசிரியை

அக்காவின் கணக்கு பொதுக்கணக்காக இருந்து, அவர் த்ரெட்ஸ் அமைப்பில் ஃபெடிவர்ஸ் (மாஸ்டடான் போல ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் தளங்களின் கூட்டு) பகிர்வை இயக்கினால் முடியும். அந்தத் தேர்வு அவருக்குக் காட்டப்படுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் சர்வர் த்ரெட்ஸைத் தடை செய்திருந்தால் எதுவும் வராது. அபவுட் பக்கத்தில் தெரிந்துவிடும். ப்ளூஸ்கை பேசுவது வேறு நெறிமுறை என்பதால் இடையில் பாலம் வேண்டும். பிரிட்ஜி ஃபெட் என்ற இலவசச் சேவை அதைச் செய்கிறது: நீங்கள் உங்கள் பக்கத்தில் அதன் கணக்கைப் பின்தொடர வேண்டும், அண்ணன் அவர் பக்கத்தில் பின்தொடர வேண்டும். இருவரில் ஒருவர் மட்டும் செய்தால் ஒருவழிதான். பாலத்தில் பொதுப் பதிவுகள் மட்டும் கடக்கும். வேண்டாம் என்று தோன்றினால் அந்தக் கணக்கை பிளாக் செய்துவிடலாம்.